அரங்கேற்றத்துக்கும் நாடகத்துக்கும் சென்னையில் எந்த ஹால்?

அரங்கேற்றத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிய வீட்டில் முதல் வாக்குவாதம் ஹாலைப் பற்றித்தான் வரும். அப்பாவுக்கு மியூசிக் அகாடமி வேண்டும். குருவோ, "சின்ன ஹாலே போதும் சார், குழந்தையோட முகம் தெரியணும்" என்பார். பாட்டிக்கு மயிலாப்பூரைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வரும் மாமாவுக்கு, கார் நிறுத்த இடம் இருந்தால் எதுவானாலும் சரி. நாடகக் குழுக்களிலும் இதே வாக்குவாதம் உண்டு. இயக்குநர் மியூசியம் தியேட்டர் கேட்பார், கணக்குப் பார்ப்பவர் டிக்கெட் எத்தனை விற்கும் என்று கேட்பார்.

சென்னையில் ஹாலுக்குப் பஞ்சமில்லை, சனி ஞாயிறு மாலைக்குத்தான் பஞ்சம். கிடைத்த இரண்டு மூன்று தேதிகளுக்குள் அவசரமாக முடிவெடுக்கும்போது பெரும்பாலும் பெயரே ஜெயித்துவிடுகிறது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வரப்போகிற ஆள் கணக்கையும் மேடைத் தரையையும் பார்த்து ஹாலை எடுங்கள். பெயரை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

## முதலில் ஒரு குழப்பம்

"என் பெண் அகாடமியில் ஆடினாள்" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. டிசம்பர் சீசனிலோ ஜனவரி நாட்டிய விழாவிலோ அகாடமி தேர்ந்தெடுத்து அழைத்து மேடை தருவது ஒன்று. வருஷத்தின் மற்ற நாட்களில் வாடகை கட்டி அதே மேடையில் ஏறுவது இன்னொன்று. எல்லா சபாக்களுக்கும் இது பொருந்தும். வாடகைக்கு எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாளைக்கு பயோடேட்டாவில் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காக மட்டும் பெரிய பெயரைத் துரத்துகிறீர்கள் என்றால், அதைப் படிக்கப்போகும் சபாக்காரர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. சபாவின் ஆதரவில் என்று அழைப்பிதழில் போட்டுக்கொண்டு அரங்கேற்றம் நடத்துவது. இதற்குப் போகுமுன் மூன்றைக் கேளுங்கள்: சபா உறுப்பினர்களுக்கு அழைப்பு போகுமா, மேடையில் யார் யார் பேசுவார்கள், எவ்வளவு நேரம் பேசுவார்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நிகழ்ச்சியின் நீளமான உருப்படியான வர்ணத்தை ஆடி முடித்துக் களைத்து நிற்கும் பெண், வியர்வை காய்ந்து தசை இறுகும் வரை நாற்பது நிமிஷம் பொன்னாடை பார்த்துக்கொண்டு உட்காரும் நிகழ்ச்சிகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

## எதை வைத்து எடை போடுவது

ஆள் கணக்கு. அழைப்பிதழ் எத்தனை அடிக்கிறீர்கள் என்பதை விட்டுவிடுங்கள். சமையல்காரரிடம் எத்தனை இலை சொல்லப் போகிறீர்கள்? அதுதான் ஹாலுக்கான எண்ணிக்கை. நாடகமென்றால், போன முறை வந்தவர்களில் பாஸில் வந்தவர்களைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். 350 பேர், 400 இருக்கை உள்ள ஹாலில் உட்கார்ந்தால் திருவிழா மாதிரி இருக்கும். அதே 350 பேரை 1500 இருக்கைக்கு நடுவே விட்டால் ஆளுக்கொரு மூலையில் சிதறிவிடுவார்கள். கைதட்டல் மேடைக்கு வந்து சேராது. நகைச்சுவை நாடகத்துக்கு இது இன்னும் மோசம், பக்கத்து இருக்கையில் ஆளில்லாமல் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை.

தரை. நாட்டியத்துக்கு மட்டும் இதை முதலிடத்தில் வைப்பேன். முழு மார்க்கம், அதாவது அரங்கேற்றத்தில் ஆடும் உருப்படிகளின் முழு வரிசை, இரண்டு, இரண்டரை மணி நேரம். வர்ணம் மட்டுமே அரை மணிக்கு மேல் போகும். அடியில் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்துப் போட்ட பலகை, காலை வாங்கிக்கொண்டு திருப்பித் தரும். சிமென்ட்டின் மேலேயே ஒட்டிய பலகை பார்க்க மரம்தான், முழங்காலுக்கு சிமென்ட்தான். அதன் மேல் கார்பெட் போட்டிருந்தால் காலும் வழுக்கும், தட்டும் கேட்காது. ஹால் பார்க்கப் போகும்போது ஆடுகிற பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெறுங்காலோடு பத்து நிமிஷம் தட்டடவு, அதாவது தரையில் காலைத் தட்டி ஆடும் அடிப்படைப் பயிற்சி, போட்டுப் பார்க்கட்டும். மேடையின் நடுவில் மட்டும் வேண்டாம், நான்கு மூலையிலும். பலகை இணைப்பில் தூக்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆணி, இரண்டாவது ஜதியிலேயே பாதத்தைக் கிழித்துவிடும்.

முகம். முகபாவத்தை நம்பிய உருப்படிகளான பதத்துக்கும் ஜாவளிக்கும் முகம் தெரியாவிட்டால் ஒன்றுமே இல்லை. கடைசி வரிசையில் நீங்கள் உட்காருங்கள், மேடையிலிருந்து யாராவது ஹம்ஸாஸ்யம், முகுளம் என்ற இரண்டு கை முத்திரைகளையும் மாற்றி மாற்றிக் காட்டட்டும். எது எது என்று தெரிகிறதா? அப்புறம் முதல் வரிசைக்கு வந்து, அங்கிருந்து பாதம் தெரிகிறதா என்றும் பாருங்கள். உயரமான மேடை, தட்டையான தரை என்றால் முக்கிய விருந்தினர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

விளக்கு. மேடைக்கு மேலிருந்து மட்டும் வெளிச்சம் அடித்தால் கண்குழி கறுத்துவிடும், அபிநயம் போயே போய்விடும். பார்வையாளர் பக்கத்துக் கூரையிலிருந்து, முகத்தில் சாய்வாக விழுகிற மாதிரி விளக்கு மாட்ட கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத ஹாலில் ஸ்டாண்ட் வைத்து விளக்கு போட வேண்டியிருக்கும். வாடகை விளக்குக்குத் தனிச் செலவு, ஸ்டாண்ட் வைத்த இடத்தில் இருக்கையும் போகும். கலர் கலராக எல்.இ.டி. இருக்கிறது என்று காட்டினால் மயங்க வேண்டாம். நல்ல வெள்ளை வெளிச்சம் எத்தனை விளக்கில் வரும் என்பதே கேள்வி.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாட்டு, நட்டுவாங்கம் (தாளம் போட்டு ஜதி சொல்வது), மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஐந்து பேர் மேடையின் ஒரு பக்கம் உட்கார்ந்த பிறகு ஆட எவ்வளவு அகலம் மிஞ்சும்? கிரீன் ரூமிலிருந்து மேடைக்கு எத்தனை படி? நாடகமென்றால் செட் சாமான் வண்டி பின்வாசல் வரை வருமா, இரண்டு பக்கத் திரைகளுக்குப் பின்னால் ஆள் நிற்க இடம் இருக்குமா? வயதானவர்களுக்கு லிஃப்ட் உண்டா? வாடகை எத்தனை மணி நேரத்துக்கு?

## ஒரே பார்வையில்

| அரங்கம் | பகுதி | அளவு | எதற்குப் பொருந்தும் | முதலில் கேட்க வேண்டியது |
|---|---|---|---|---|
| மியூசிக் அகாடமி | டி.டி.கே. சாலை, கதீட்ரல் சாலை முனை | மிகப் பெரியது | நாட்டிய நாடகம், பெரிய கூட்டம் | பால்கனியை மூடிவைக்க முடியுமா |
| நாரத கான சபா | டி.டி.கே. சாலை, ஆழ்வார்பேட்டை | பெரியது, மினி ஹாலும் உண்டு | அரங்கேற்றம், சபா நாடகம் | எந்த ஹால், எந்தத் தேதி |
| கிருஷ்ண கான சபா | தி.நகர் | நடுத்தரம் | அரங்கேற்றம் | வண்டி எங்கே நிறுத்துவது |
| வாணி மகால் | தி.நகர், ஜி.என். செட்டி சாலை | பெரியது ஒன்று, சிறியது ஒன்று | தமிழ் நாடகம், அரங்கேற்றம் | அன்று மற்ற ஹாலில் என்ன நடக்கிறது |
| பாரதிய வித்யா பவன் | மயிலாப்பூர், கிழக்கு மாடவீதி | நடுத்தரம் | அரங்கேற்றம், கச்சேரி | கோயில் திருவிழா நாளா |
| மியூசியம் தியேட்டர் | எழும்பூர் | நடுத்தரம் | வசனம் மிகுந்த நாடகம் | எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது |
| சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் ஹால் | சேத்துப்பட்டு, ஹாரிங்டன் சாலை | பெரியது | பெரிய நாடகம், இசை நாடகம் | செட் போட எப்போது உள்ளே விடுவார்கள் |
| அலையான்ஸ் பிரான்சேஸ் | நுங்கம்பாக்கம், கல்லூரிச் சாலை | சிறியது | புது நாடகம், தற்கால நடனம் | நிகழ்ச்சி அவர்கள் அட்டவணையோடு ஒத்துப்போகுமா |
| காமராஜர் அரங்கம் | தேனாம்பேட்டை, அண்ணா சாலை | மிகப் பெரியது | ஆண்டு விழா, வெளிநாட்டுக் குழு | உங்களிடம் அவ்வளவு கூட்டம் இருக்கிறதா |

## மியூசிக் அகாடமி

1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டில் பிறந்த யோசனை, அடுத்த வருஷம் அகாடமியாக உருவெடுத்தது. இப்போதுள்ள டி.டி.கே. அரங்கம் 1962-இல் திறக்கப்பட்டது. பால்கனியோடு சேர்த்து 1500-க்கும் மேல் உட்காரலாம். மேடை அகலம், அதற்கேற்ற ஆழமும் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆடும் நாட்டிய நாடகம், நடனப் பள்ளியின் வெள்ளி விழா, இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நகரத்தில் அதிகமில்லை.

ஒற்றைப் பெண்ணின் அரங்கேற்றம்? அங்கேதான் யோசிக்க வேண்டும். பதினான்கு வயசுக் குழந்தை அந்த மேடையை நிரப்ப, ஒவ்வொரு அடவுக்கும் வழக்கத்தைவிட இரண்டடி கூட நகர வேண்டியிருக்கும். வகுப்பறையில் பழகிய அளவு இங்கே செல்லாது. மேடை ஒத்திகை இல்லாமல் இங்கே ஏறக் கூடாது, ஒத்திகைக்கான நேரம் தனிக் கணக்கு. 800 பேராவது நிச்சயம் வருவார்கள், குழந்தைக்கும் பெரிய மேடை பழக்கம் என்றால் தாராளமாக எடுக்கலாம். 300 இலைக்காரர்களுக்கு வேண்டாம்.

## நாரத கான சபா

1958-இல் தொடங்கிய சபா. நாட்டியத்துக்கென்றே நாட்டியரங்கம் என்ற பிரிவை வைத்து நடத்துகிறவர்கள், அதனால் இங்கே நாட்டிய நிகழ்ச்சி என்றால் என்னென்ன தேவைப்படும் என்று விளக்க வேண்டியதில்லை. பெரிய ஹாலுக்கு சத்குரு ஞானானந்தா ஹால் என்று பெயர், ஆயிரம் பேர் அளவில் கொள்ளும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவின் கோடை நாடக விழா நடக்கிற மேடையும் இதுதான் என்பதால், தமிழ் நாடக ரசிகர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை. இது கண்ணுக்குத் தெரியாத ஒரு லாபம். புதுக் குழுவின் நாடகத்துக்கு, பார்வையாளர் ஏற்கெனவே வந்து பழகிய இடம் பாதி விளம்பரம்.

இரண்டுங்கெட்டான் எண்ணிக்கைதான் இங்கே சிக்கல். 150 பேருக்கு மினி ஹால் இருக்கிறது, 700 பேருக்குப் பெரிய ஹால் இருக்கிறது. 400 பேர் என்றால் பெரிய ஹாலை எடுத்து, பின்வரிசைகளைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு முன்னால் உட்கார வைப்பது நல்லது. கயிறு கட்டுவது சின்ன விஷயம்தான். ஆனால் வாசலில் நின்று "முன்னாடி போங்கோ மாமா" என்று சொல்ல இரண்டு பேரை நிறுத்தாவிட்டால் கயிற்றைத் தாண்டிக்கொண்டு பின்னால் போய் உட்காருவார்கள்.

## தி.நகர் இரண்டும்

கிருஷ்ண கான சபாவுக்கும் நாட்டியத்துக்கும் உள்ள உறவு பழையது. நாட்டியக் கலை மாநாடு 1981-இல் தொடங்கியது இங்கேதான். அரங்கேற்றத்துக்கு அளவு பொருத்தமான இடம். வாணி மகால் ஸ்ரீ தியாக பிரம்ம கான சபாவினுடையது, நடிகர் சித்தூர் வி. நாகையா 1940-களில் முன்னின்று உருவாக்கியது. சபா நாடகங்களுக்கு இன்றும் முக்கியமான மேடை. பெரிய ஹால் ஒன்றும் சிறியது ஒன்றும் இருப்பதால் ஒரே வளாகத்தில் ஒரே மாலை இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கலாம். வாகனம் நிறுத்துமிடமும் சாப்பாட்டு நேரமும் அப்போது மோதும். பதிவு செய்யும்போதே பக்கத்து ஹாலில் என்ன, எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள்.

தி.நகருக்கென்று ஒரு மறைமுகச் செலவு உண்டு, அது போக்குவரத்து. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இங்கே நிகழ்ச்சி வைத்தால் பாண்டி பஜாரையும் உஸ்மான் சாலையையும் தாண்டி வருவதற்குள் தொடக்க உருப்படியான அலாரிப்பு முடிந்திருக்கும். ஆடித் தள்ளுபடி வாரங்களும் அப்படித்தான். மாம்பலம் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறதே என்பீர்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரங்கநாதன் தெரு வழியாக வரச் சொல்லி யாரிடம் சொல்வது?

## மயிலாப்பூர்

பாரதிய வித்யா பவன் கிழக்கு மாடவீதியில், கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில். பாட்டியின் ஓட்டு இதற்குத்தான். காலையில் கோயிலில் சலங்கை பூஜை, மாலையில் நடந்து போகும் தூரத்தில் மேடை என்பது பெரிய வசதி, அலைச்சலே இல்லை. மாடவீதியில் நெரிசல் எப்போதும் உண்டு. பங்குனிப் பெருவிழாவின்போது, முக்கியமாகத் தேரன்றும் அறுபத்துமூவர் அன்றும், அந்தப் பக்கம் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி கேளுங்கள்.

சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா இருக்கிறது, 1929-இல் தோன்றியது. லஸ் சர்ச் சாலையில் சிவகாமி பெத்தாச்சி அரங்கம். இரண்டையும் நேரில் பார்த்துப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். நூறு நூற்றைம்பது பேர் போதும், நெருக்கமானவர்கள் முன்னால் ஆடினால் சரி என்றால் லஸ் அவென்யூவில் ராகசுதா ஹால் போன்ற சின்ன இடங்கள் உண்டு. அவை முதன்மையாகக் கச்சேரிக்கானவை. முழு அரங்கேற்றத்துக்கு மேடை போதுமா என்று டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெட்ரோ வேலை நடக்கிற தெருக்களில் போன மாதம் பார்த்த ஒருவழிப்பாதை இந்த மாதம் மாறியிருக்கும். அழைப்பிதழில் வரைபடம் அச்சிடுவதைவிட, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸாப்பில் வழி அனுப்புவது புத்திசாலித்தனம்.

## கலாக்ஷேத்ரா

கேரளக் கோயில்களின் நாடக அரங்கான கூத்தம்பலத்தின் பாணியில், திருவான்மியூர் வளாகத்தில் அமைந்த அரங்கம். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் தொடங்கிய நிறுவனம், அவருடைய ராமாயண நாட்டிய நாடகங்களை இங்கே பார்ப்பது தனி அனுபவம். கூத்தம்பலம் என்பதே நடிகனின் கண்ணசைவை நம்பிக் கட்டப்படுவது, அபிநயம் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல சூழல் வேண்டாம்.

ஆனால் இது ஒரு கல்வி நிறுவனத்தின் வளாகம், வாடகை மண்டபம் என்ற நினைப்போடு போகாதீர்கள். நிகழ்ச்சி எப்படிப்பட்டது, யார் ஆடுகிறார்கள் என்பதை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், பதில் வரும் வரை வேறு ஹாலைக் கைவசம் வைத்திருங்கள். முந்நூறு பேருக்குச் சாப்பாடு, வாசலில் செண்டை மேளம், ட்ரோன் கேமரா என்று திட்டமிருந்தால் வேறு இடம் பார்ப்பதே மரியாதை.

## மியூசியம் தியேட்டர்

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896-இல் கட்டியது. இருக்கைகள் மேடையைச் சுற்றி அரைவட்டமாக இறங்கி வருகின்றன, அதனால் நடிகருக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள தூரம் குறைவு. தொண்டையைப் பழக்கிய நடிகர் மைக் இல்லாமலே பேசலாம். 1955-இல் தொடங்கிய மெட்ராஸ் பிளேயர்ஸ் போன்ற ஆங்கில நாடகக் குழுக்கள் இந்த மேடையை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

சபா நாடகத்துக்குப் பழகிய குழுக்கள் இங்கே வரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சபா மேடையில் மேலிருந்து தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து நின்று, நேரே பார்வையாளரைப் பார்த்து வசனம் பேசுவது வழக்கம். அரைவட்ட அரங்கில் பாதிப் பேர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் வரிசையாக நின்று பேசினால் ஓரத்தில் இருப்பவருக்கு ஒருவர் காது மட்டும் தெரியும். நாடகத்தின் அசைவுகளையே திரும்பப் போட வேண்டிவரும், அதற்கு இங்கேயே ஒத்திகை வேண்டும்.

பழைய கட்டடம் என்பதால் ஆணி அடிப்பது, திருகு போடுவது இதெல்லாம் நடக்காது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தானே நிற்கிற செட், அடியில் எடை வைத்த தட்டிகள். மூன்று சுவர், ஜன்னல், மாடிப்படி என்று முழு வீட்டையும் மேடையில் கட்டும் குழுக்களுக்கு இது தோதுப்படாது. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, நல்ல வசனம் என்றால் என் முதல் ஓட்டு இதற்கே. நாட்டியத்துக்கு? கதை சொல்லும் அபிநய நிகழ்ச்சி என்றால் சரி. ஐந்து பக்கவாத்தியக்காரர்களோடு முழு மார்க்கம் என்றால் மேடையை அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

## சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் ஹால்

ஊருக்குள் எல்லோரும் லேடி ஆண்டாள் என்றுதான் சொல்வார்கள், மெட்ராஸ் சேவா சதனின் பள்ளி வளாகத்துக்குள் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும், நகரத்தில் பெரிய நாடகங்களும் இசை நாடகங்களும் தேடிவரும் இடம். விளக்கு, ஒலி இரண்டையும் தொழில்முறையாக வடிவமைப்பவர்கள் உங்கள் குழுவில் இருந்தால்தான் இதன் முழுப் பயனும் கிடைக்கும். பள்ளி வளாகம் என்பதால் வேலை நாளில் பகலில் லாரி உள்ளே வந்து செட் இறக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியாது என்றால் முந்தின இரவோ, முந்தின விடுமுறை நாளோ எடுக்க வேண்டும், வாடகை அந்த அளவுக்கு ஏறும். டிக்கெட் விற்று ஈடுகட்டுவது என்றால் ஒரே காட்சியோடு முடித்தால் கட்டுப்படியாகாது, இரண்டு மூன்று காட்சிக்கு ஆள் வர வேண்டும்.

## சின்ன இடங்களும் மிகப் பெரிய இடங்களும்

அலையான்ஸ் பிரான்சேஸின் எதுவார் மிஷலன் அரங்கம் சிறியது. முதல் நாடகம் போடும் கல்லூரி நண்பர்களுக்கும் தற்கால நடனம் செய்பவர்களுக்கும் அளவான இடம். நடனக் கலைஞர் சந்திரலேகா பெசன்ட் நகர் கடற்கரையோரம் உருவாக்கிய ஸ்பேசஸ், நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் இடம், இவை பரிசோதனை முயற்சிகளின் முகவரி. பார்வையாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். அந்த நெருக்கம் நாடகத்துக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை இயக்குநர்தான் சொல்ல வேண்டும். திறந்தவெளியில் ஏதாவது செய்வதென்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையை மறந்துவிடாதீர்கள்.

மறுகோடியில் காமராஜர் அரங்கம், வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம். அரங்கேற்றத்துக்கு இரண்டையும் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். நடனப் பள்ளி ஆண்டு விழாவில் 200 குழந்தைகள் ஆடினால், ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று கூட்டம் தானாகச் சேரும், அப்போது பொருந்தும். வடசென்னையிலிருந்து பார்வையாளர் வருவார்கள் என்றால், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றத்தையும் பார்த்துவிடுங்கள். தென்சென்னைக்காரர்கள் இதை மறந்தேபோகிறார்கள்.

## வாடகைச் சீட்டில் தெரியாத செலவுகள்

முதலில் சொல்லும் தொகைக்கும் கடைசியில் கட்டும் தொகைக்கும் நடுவில் என்னென்ன வரும் என்று பாருங்கள். ஹால் வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கும், சொன்ன தொகை அதைச் சேர்த்தா, சேர்க்காமலா? ஏ.சி. எப்போது போடுவார்கள்? நிகழ்ச்சிக்கு அரை மணி முன்புதான் என்றால், மதியத்திலிருந்து கிரீன் ரூமில் மேக்கப்போடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மை கன்னத்துக்கு வந்துவிடும். கூடுதல் மணிக்கு என்ன கட்டணம்? ஜெனரேட்டர் ஓடினால் டீசல் யார் கணக்கில்? ஹாலின் ஒலிக்காரர் மிருதங்கத்துக்கும் நட்டுவாங்கத்துக்கும் தனித்தனி மைக் தருவாரா, அல்லது வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டுமா? வெளியாள் வந்தால் அதற்கும் சில இடங்களில் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

சாப்பாடு பெரிய விஷயம். கேன்டீன் ஒப்பந்தக்காரர் இருக்கும் இடத்தில் வெளிச் சமையல்காரரை விடமாட்டார்கள், அல்லது அதற்கென்று ஒரு தொகை வைப்பார்கள். வாடகை குறைவாக இருந்தாலும் இலைக்கு ஐம்பது ரூபாய் கூடுதல் என்றால் 400 இலைக்கு ரூ.20,000 ஆகிவிட்டது. மலர் அலங்காரம், குத்துவிளக்கு, சாம்பிராணி, புகை இயந்திரம் எதற்கெல்லாம் அனுமதி என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும்.

நாடகக் குழுக்களுக்கு இரண்டு கூடுதல் குறிப்புகள். நடனம், நாடக நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டு ஆளுக்கு ரூ.500 வரை என்றால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ரூ.550 என்று விலை வைப்பதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அப்புறம், நடுவே சினிமாப் பாட்டு ஒலிபரப்புவதாக இருந்தால் உரிமக் கட்டணம் உண்டு.

## யாருக்கு எது

300 பேருக்குக் கீழே, ஒற்றைப் பெண் அரங்கேற்றம், பாட்டி தாத்தா நிறையப் பேர் என்றால் மயிலாப்பூரைத் தாண்டாதீர்கள். 500 பேர் வரை என்றால் கிருஷ்ண கான சபாவையும் நாரத கான சபாவையும் ஒரே நாளில் போய்ப் பார்த்து, தரை எது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். அக்கா தங்கை இருவர் சேர்ந்து அரங்கேற்றம் என்றால் கூட்டமும் இரட்டிப்பாகும், மேடை அகலமும் வேண்டும். அகாடமி அப்போது நியாயமான தேர்வு.

நகைச்சுவை நாடகம், குடும்ப ரசிகர்கள் என்றால் வாணி மகாலும் நாரத கான சபாவும். வசனத்தை நம்பும் நாடகம் மியூசியம் தியேட்டருக்கு. செட், விளக்கு, இசைக்குழு எல்லாம் உண்டு, காசும் உண்டு என்றால் ஹாரிங்டன் சாலையின் சர் முத்தா ஹால். முதல் முயற்சி, கையில் காசில்லை என்றால் சின்ன அரங்கில் மூன்று நாள் போடுங்கள். பெரிய அரங்கில் ஒரு நாள் போட்டு நட்டப்படுவதற்கு அது மேல். முதல் நாள் பார்த்தவர்கள் மூன்றாம் நாளுக்கு ஆள் அனுப்புவார்கள்.

## தேதி

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை சபாக்களின் ஹால்கள் அவர்கள் கையில்தான் இருக்கும், கேட்டுப் பயனில்லை. அரங்கேற்றத்துக்கு நெருக்கடியான காலம் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை. ஆடி மாதத்தில் எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் அமெரிக்கப் பள்ளி விடுமுறை ஆடியைப் பார்ப்பதில்லை. அந்த வாரங்களின் சனி, ஞாயிறு வேண்டுமென்றால் ஒரு வருஷம் முன்பே கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்கு ஒத்துக்கொண்டால் வழி கொஞ்சம் திறக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தேதியும் சுலபம், வெயிலும் ஏறியிருக்காது. பரீட்சைதான் குறுக்கே நிற்கும்.

முன்பணம் கட்டும்போது எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஒத்திகை எப்போது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், அரசு அரங்கமென்றால் அரசு விழா குறுக்கே வந்தால் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹாலுக்கு முன்னால் குருவிடமும் பாடகரிடமும் மிருதங்கக்காரரிடமும் தேதி கேட்டுவிடுங்கள். ஜூலையில் நல்ல மிருதங்கக்காரர் ஒருவர் எல்லா வார இறுதிக்கும் ஒப்புக்கொண்டிருப்பார். ஹால் கிடைத்து அவர் கிடைக்காவிட்டால் தேதியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும், அப்போது கட்டிய முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது அந்தக் காகிதத்தைப் பொறுத்தது.